குறை கூறுமுன் அளந்து பார்ப்போம்



தோட்டப்புற வாழ்க்கையில் ஒரு வீட்டுக்கு இன்றியமையாதன எவை என்று கேட்டால், முன்பெல்லாம் தண்ணீர், விளக்கு, கூரை என்று மூன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். இன்று நான்காவதாக இணையத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாடெங்கும் பள்ளிக் கதவுகள் அடைபட்டன. பாடம் வீட்டுக்கு வந்தது. அவ்வாண்டில் சபா மாநிலத்து மாணவி ஒருவர், தம் சிற்றூரில் இணைய அலை கிட்டாமையால் மரத்தின் மீதேறி அமர்ந்து தேர்வு எழுதினார் என்ற செய்தியை நாம் யாவரும் அறிவோம். பின்னர்ப் பள்ளிகள் திறந்தன. ஆயினும், வீட்டுப்பாடம், புதிர்ப் பயிற்சி, அக்காள் அண்ணன்மாரின் கல்லூரி விண்ணப்பம் எனப் பலவும் இணையத்தை நம்பியே நிற்கின்றன. இணையம் தளர்ந்தால் பிள்ளையின் படிப்பும் தளர்கிறது, இதில் ஐயமில்லை.

இந்நிலையில், பெற்றோர் பலரும் என்னிடம் கூறும் குறை ஒன்றுண்டு. "ஐயா, மாதந்தோறும் பணம் கட்டுகிறோம், கணினியில் ஒரு பாடம் திறக்க ஒரு யுகம் ஆகிறது" என்பதே அது. குறை உண்மையானது. ஆனால், அதற்கு நாம் செய்யும் பரிகாரந்தான் பெரும்பாலும் பொருத்தமற்றதாக இருக்கிறது. சிலர் கூடுதல் விலையுள்ள திட்டத்துக்கு மாறுகின்றனர். சிலர் கணினியையே மாற்றுகின்றனர். வேறு சிலர், "நீ விளையாடி விளையாடித்தான் இப்படி ஆயிற்று" என்று பிள்ளையின் மீது பாய்கின்றனர். பணப்பையைத் திறக்கிறோம், வாயைத் திறக்கிறோம். கண்ணைத் திறந்து பார்ப்பதில்லை. முதலில் அளந்து பார்க்கவேண்டும், பிறகுதான் செலவும் சினமும் என்பது என் துணிபு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்காக உடனே பெரிய நீர்த்தொட்டி கட்டச் சொல்வோமா? பக்கத்து வீட்டில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வாசல் குழாயைத் திறந்து பார்ப்போம். பிறகு சமையலறைக் குழாய்க்கு வருவோம். எந்த இடத்தில் ஓட்டம் குறைகிறதோ அங்கேதான் அடைப்பு. இணையமும் இத்தகையதே. வெளியுலகிலிருந்து நிறுவனத்தின் இணைப்பு வழியாக நம் வீட்டு மோடத்துக்கு வந்து, அங்கிருந்து ரவுட்டர் வழியாக, கம்பியிலோ வைஃபை அலையிலோ ஏறிக் கணினிக்கு வந்து சேர்கிறது. இவ்வழியில் எந்தக் கண்ணி பழுதுபட்டாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: திரையில் சுழன்றுகொண்டிருக்கும் சிறு வட்டம். காரணங்கள் பல, தோற்றம் ஒன்று. ஆகவேதான் ஊகத்தை நம்பக்கூடாது என்கிறேன்.

முதற்கண் எண்களின் பொருளை உணரவேண்டும். நிறுவனங்கள் வேகத்தை ஒரு வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று விற்கின்றன. கணினியோ கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் ஒரு கோப்பு மிகுதியாய்ப் போனால் வினாடிக்கு 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். "நூறு என்றார்கள், பன்னிரண்டுதான் வருகிறது" என்று சினம் கொள்வோர், ஏமாற்றப்படவில்லை. எட்டால் வகுக்க மறந்தார்கள், அவ்வளவே. மேலும், பலர் கூடும் காணொளி வகுப்பொன்றுக்கு ஏறக்குறைய 3 அல்லது 4 மெகாபிட் வேகம் இடையறாது கிடைத்தால் போதும். பெரிய எண்ணைக் காட்டிலும் நிலையான ஓட்டமே பாடத்துக்குத் தேவை. திட்டத்தை உயர்த்தியும் வகுப்பு தடைப்படுவதன் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

இனி, அளக்கும் முறையைக் கூறுவேன். கணினியை ரவுட்டரின் அருகே கொண்டுபோய், லேன் கம்பியால் நேரே இணைத்து, மற்றக் கைப்பேசிகளையும் தொலைக்காட்சியையும் இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேகத்தைச் சோதிக்கும் தளமொன்றில் மும்முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, கம்பியைக் கழற்றி, அதே இடத்தில் வைஃபையில் மும்முறை அளவுங்கள். மூன்றாவதாக, பிள்ளை வழக்கமாகப் படிக்கும் அறையில் அமர்ந்து அளவுங்கள். கம்பியிலேயே வேகம் குறைவாயின், குறை இணைப்பிலோ மோடத்திலோ கம்பியிலோ கணினியிலோ இருக்கிறது. கம்பியில் நன்றாயிருந்து ரவுட்டர் அருகிலேயே வைஃபையில் குறைந்தால், ரவுட்டரையோ கணினியின் வைஃபைக் கருவியையோ ஐயுறவேண்டும். அருகில் நன்றாயிருந்து அறையில் குறைந்தால், குற்றவாளி தொலைவும் சுவருமே. பத்து நிமிட வேலை. பல மாதத்து ஊகத்தை அது முடித்துவைக்கும்.

அறிந்த ஒரு வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அவ்வீட்டுத் தந்தையார், மகளின் கணினி மெதுவாக இருப்பதாகக் கருதித் திட்டத்தை உயர்த்தினார். மாதக் கட்டணம் கூடிற்று, வேகம் கூடவில்லை. இணையவழிப் பயிற்சியைத் தவறவிட்டதற்காக அந்தப் பிள்ளை வீட்டிலும் ஏச்சுக் கேட்டது. வகுப்பிலும் தலைகுனிந்து நின்றது. பிறகு அளந்து பார்த்தபோது, கம்பியில் முழுவேகமும் இருந்தது. படிக்கும் அறையிலோ பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ரவுட்டரைத் தூசு படியாதிருக்க இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்! அதனை வெளியே எடுத்து, கூடத்தின் நடுவே உயரமான பலகையில் வைத்ததும் பாடம் திறந்தது. கூடுதலாகக் கட்டிய பணம் போனது போகட்டும். அந்தப் பிள்ளை செய்யாத குற்றத்துக்கு ஏற்ற பழியை யார் திருப்பித் தருவார்? அளவாமல் தீர்ப்புக் கூறுவதன் தீமை இதுதான்.

வைஃபை அலையின் இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்சு, 5 கிகாஹெர்ட்சு என்னும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகம் மிக்கது. சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும். உலோகம் அலையைத் தடுக்கும். மீன்தொட்டியின் நீர் அலையை உறிஞ்சும். நுண்ணலை அடுப்பு இயங்கும்போது 2.4 அலைவரிசையில் இரைச்சலை எழுப்பும். வரிசை வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அடுத்தடுத்த வீடுகளின் ரவுட்டர்கள் ஒரே தடத்தில் பேசினால், சந்தைக் கடையில் கூவுவதுபோல் ஒன்றின் குரலை மற்றொன்று அமுக்கும். 2.4 அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 என்னும் மூன்றேயாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அண்டை வீட்டார் மிகுதியாகப் பயன்படுத்தாத தடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

கம்பியும் பழுதுபடும். லேன் கம்பியினுள் 8 சிறு கம்பிகள் உள்ளன. 1000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். எனவே எலி கடித்தோ கதவிடுக்கில் நசுங்கியோ ஒன்று அறுந்தால், இணைப்பு முற்றிலும் நிற்பதற்குப் பதில் பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கி நின்றுவிடும். கூடிய வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டியும், எத்தனை முறை அளந்தாலும் வேகம் நூறைத் தாண்டாமல் தொண்ணூற்றைந்துக்குள்ளேயே அடங்கி நின்றால், வேறு கம்பியொன்றை மாட்டிப் பாருங்கள்.

கணினியையும் விசாரிக்காமல் விடலாகாது. ஒரே இடத்தில் கைப்பேசி விரைவாகவும் கணினி மெதுவாகவும் இருந்தால், குறை கணினியினுடையதே. விண்டோசு கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த நிரல் இணையத்தை விழுங்குகிறது, எது நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம். பின்புலத்தில் இறங்கும் புதுப்பிப்பு, மேகச் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும் படங்கள், யாரும் அறியாமல் நுழைந்த நச்சுநிரல் ஆகியவை வழக்கமான காரணங்கள். 4 கிகாபைட் நினைவகமே உள்ள கணினியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்தால், இணையம் ஆற்றுவெள்ளமாய் வந்தாலும் கணினி திணறத்தான் செய்யும். மிகப் பழைய கணினிகளின் வைஃபைக் கருவி, ஏட்டளவில் 54 மெகாபிட்டுக்கு உரியது. நடைமுறையில் அதில் பாதியும் கிட்டுவதரிது. அத்தகைய கணினிக்குத் திட்டத்தை உயர்த்துவது, குறுகிய புனலில் குடம் குடமாக நீரூற்றுவதை ஒக்கும். விண்டோசு 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாளோடு முடிவுற்றதையும் பழைய கணினி வைத்திருப்போர் நினைவிற் கொள்வாராக. பாதுகாப்புக் குன்றிய கணினியில் நச்சுநிரல் எளிதில் குடிபுகும்.

வேகத்தைப் போலவே தாமதத்தையும் அளக்கவேண்டும். நாம் விடுக்கும் வினா போய் விடை மீள எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதைப் பிங் என்னும் கட்டளை காட்டும். முதலில் வீட்டு ரவுட்டரின் முகவரிக்கு விடுத்துப் பாருங்கள்; பல வீடுகளில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். பின்னர் 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கு விடுங்கள். ரவுட்டரிடமிருந்தே விடை நூறு நூறு மில்லிவினாடி தாமதித்தும் இடையிடையே தொலைந்தும் வந்தால், குறை வீட்டுக்குள் இருக்கிறது. ரவுட்டர் உடனுக்குடன் விடையளித்து, வெளிவிடை மட்டும் தடுமாறினால், மோடத்துக்கு அப்பால் பார்க்கவேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் ஒருவர் கைப்பேசியிலிருந்து பெரிய காணொளியை ஏற்றிக்கொண்டிருந்தால், வெளியே செல்லும் பாதை நிரம்பி, மற்றவரின் சிறு வினாவும் வரிசையில் நிற்க நேரிடும். அப்போது வகுப்பில் குரல் அறுந்து அறுந்து கேட்கும். பாடநேரத்தில் ஏற்றுமதியை நிறுத்திவைத்தாலே போதும்.

தோட்டப்புறத்தில் பல வீடுகளுக்கு ஒளியிழைக் கம்பி எட்டவில்லை. சிம் அட்டையால் இயங்கும் ரவுட்டரே கதி. அதற்கு இடமே உயிர். கோபுரத்தை நோக்கிய சன்னலருகே வைத்தால் ஒரு வேகம், உள்ளறையில் வைத்தால் வேறு வேகம். குன்றும் அடர்ந்த செம்பனையும் தகரக் கூரையும் அலையைத் தளர்த்தும். சில திட்டங்களில், குறித்த அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் மட்டும் இணையம் சோர்ந்தால் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டதால், அதனை மட்டுமே நம்பிய பழைய மோடத்தை இனி வைத்திருந்து பயனில்லை. ஒளியிழை வந்த வீடுகளில், அந்த மெல்லிய கம்பியைக் கூர்மையாக மடித்து ஆணியடிக்கலாகாது. உள்ளே ஓடுவது ஒளி, மடங்கினால் கசியும். இடிமின்னல் மிகுந்த நாடு நமது. இடி முழங்குமுன் மோடத்தின் மின்னிணைப்பைக் கழற்றிவைப்பது பல ரிங்கிட்டை மிச்சப்படுத்தும்.

"அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே" என்பார் உளர். ஆம், ரவுட்டரும் ஒரு சிறு கணினியே. நெடுநாள் ஓடினால் அதன் நினைவகம் அடைபடும், சூடேறும். அணைத்து ஏற்றினால் தெளியும். ஆனால் அது முதலுதவி, மருத்துவமன்று. அன்றாடம் அணைத்து ஏற்ற நேர்ந்தால், அந்த நிகழ்ச்சியே ஒரு சான்று. அதனையும் தேதியிட்டுக் குறித்துவையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் குறை வெளியில்தான் என்று உறுதிப்பட்டால், அப்போது நாம் வாய் திறக்கவேண்டும், உரக்கவே திறக்கவேண்டும். எப்படி? ஒரு வாரம் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் கம்பியில் அளந்த எண்களை ஏட்டில் எழுதி, அவற்றோடு நிறுவனத்துக்கு முறையிடுங்கள். முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வில்லையேல், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் அதே ஏட்டோடு செல்லலாம். உள்நாட்டுத் தளங்கள் விரைந்து திறக்க, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தவழ்ந்தால், பழுது கடலுக்கடியிலும் இருக்கக்கூடும். 2006-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் தைவான் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தால் கடலடிக் கம்பிகள் பல அறுந்து, கிழக்காசியா, தென்கிழக்காசியா எங்கும் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளில் ரவுட்டரைத் தட்டிப் பயனில்லை, பொறுத்திருப்பதே வழி. எது நம் கையில் உள்ளது, எது பிறர் கடமை, எது இயற்கையின் செயல் என்று பகுத்தறியும் ஆற்றலை அளவை நமக்குத் தருகிறது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். "நாங்கள் பணம் கட்டுகிறோம், பழுது பார்ப்பது நிறுவனத்தின் வேலையல்லவா?" என்பர். வேலை அவர்களுடையதுதான். ஆனால் வீட்டுக்குள் அலமாரியில் பூட்டிய ரவுட்டரை அவர்கள் வந்து எடுக்கமாட்டார்கள்; வந்தவர் மோடம் வரை அளந்து, "இங்கே சரியாக இருக்கிறது" என்று கையெழுத்து வாங்கிப் போய்விடுவார். நம் ஏட்டில் எண் இருந்தால்தான் அவரோடு நியாயம் பேசமுடியும். "நாங்கள் படித்தவர்கள் அல்லவே" என்பர் வேறு சிலர். பால்வெட்டுத் தொழிலாளி, பால் குறைந்தால் கத்தியின் கூர், பட்டையின் நிலை, மழை, மரத்தின் வயது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக் காரணம் கண்டவர் அல்லரோ? அந்த அறிவு நம் குருதியில் ஊறியது. கருவி புதியது, சிந்தனை பழையதே.

பள்ளியும் தன் பங்கைச் செய்யவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து ஆராயும் முறையை அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். சராசரி காண்பதையும் வரைபடம் வரைவதையும் கணிதத்தில் கற்பிக்கிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் தம் வீட்டு இணைய வேகத்தை ஒரு வாரம் அளந்து வரைபடமாக்கினால், இரு பாடமும் ஒருங்கே உயிர் பெறும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நல்ல லேன் கம்பிகள் இரண்டினை வாங்கி வைத்து, சோதித்துப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு இரவல் தரலாம். சிறிய செலவு, ஆனால் புதுக் கணினிக்காகக் கடன்படவிருந்த குடும்பத்தை அது காக்கக்கூடும்.

பெற்றோர் பெருமக்களே! தோட்டத்து மக்களை நெடுங்காலமாக உலகம், "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே பழக்கிவிட்டது. வெறுங்கையோடு வருவோரைப் பொறுக்கச் சொல்வது எளிது. அளந்த ஏட்டோடு வருவோரிடம் அவ்வாறு சொல்வது கடினம். நம் பிள்ளைகள் அந்த ஏட்டைத் தம் கையாலேயே எழுதப் பழகட்டும். காரணம் கண்டறியாமல் எவர் மீதும் பழி சுமத்தாத நற்பண்பும், காரணம் கண்டபின் உரிமையைக் கேட்கத் தயங்காத துணிவும் அவர்களிடம் வளர்வதாக.